டாம்கேட்டுக்கும் வெப் சர்வருக்கும் நடுவே: மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் தொங்கிய டிசி

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணி ஒரே கூரைக்குள் சட்டையாகிவிடாது. எங்கள் கம்பெனியில் நூல் முதலிபாளையத்துக்கு நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து துணி பெருந்துறைக்குச் சாயத்துக்குப் போகும். திரும்பி வந்து காம்பாக்டிங், கட்டிங் முடிந்தால் தையலுக்கு வீரபாண்டியோ மங்கலமோ, ஜாப் ஒர்க் யாருக்குக் கொடுத்திருக்கிறோமோ அங்கே. ஒவ்வொரு தடவை சரக்கு கைமாறும்போதும் ஒரு டெலிவரி சலான் வேண்டும். எல்லோர் வாயிலும் அது டிசி. ஜாப் ஒர்க்காரர்களும் எங்கள் யூனிட் சூப்பர்வைசர்களும் டிசி போடுவது இஆர்பி என்ற எங்கள் நிறுவன நிர்வாக மென்பொருளில். பக்கம் திறக்கவில்லை என்றால் கேட்டில் டாடா ஏஸ் நிற்கும், அடுத்த யூனிட்டில் லைன் காலியாக உட்காரும்.

அந்த மென்பொருள் டாம்கேட் என்ற ஆப் சர்வரில் ஓடுகிறது. வெளியிலிருந்து வருகிற வேண்டுகோள்களை வாங்கி உள்ளே தள்ளுவது அப்பாச்சி வெப் சர்வர். இத்தனை வருடமும் இரண்டும் ஒரே மெஷினில் இருந்தன. இந்த முறை பிரித்தோம். பிரித்த பிறகு இரண்டுக்கும் நடுவே வந்த சிக்கல்களையும், ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையைச் செய்யப்போகிறவர்களுக்கு நேரம் மிச்சமாகும்.

ஏன் பிரித்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய மெஷினில் அப்பாச்சியும் டாம்கேட்டும் ஏஜேபி என்ற நெறிமுறையில், 8009 என்ற போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாசலில், பேசிக்கொண்டிருந்தன. 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. 8009 திறந்து கிடந்தால், எங்கோ இருக்கும் ஒருவர் டாம்கேட்டில் ஓடும் ஆப்பின் கோப்புகளை வெளியிலிருந்தே படித்துவிடலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுதியிருக்கும் கோப்பும் அதில் அடக்கம். டாம்கேட் 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளில் அதை அடைத்தார்கள். அதோடு விடாமல் ஏஜேபியின் இயல்பு அமைப்பையே மாற்றினார்கள். அமைப்புக் கோப்பில் அந்த வரி இப்போது கமெண்டுக்குள், அதாவது டாம்கேட் படிக்காத குறிப்பாக, மூடிக் கிடக்கும். திறந்துவிட்டாலும் அதே மெஷினிலிருந்து வருகிற இணைப்பை மட்டுமே ஏற்கும். ரகசியச் சொல் ஒன்று கொடுக்காவிட்டால் கிளம்பவே செய்யாது. எங்கள் பழைய டாம்கேட் இதற்கெல்லாம் முந்தையது. இணையத்தைப் பார்த்து நிற்கிற மெஷினில் அதை வைத்திருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

புதிய அமைப்பு இது. அப்பாச்சி ஒரு மெஷினில், ஃபயர்வாலில் இணையத்தைப் பார்த்த பக்கத்தில். டாம்கேட் 9 இன்னொரு மெஷினில், உள் நெட்வொர்க்கில், டேட்டாபேஸுக்குப் பக்கத்தில். இரண்டிலும் ராக்கி லினக்ஸ் 9. நடுவில், எந்த இணைப்பை விடலாம் என்று பார்க்கும் ஃபயர்வால் பெட்டி. ஏஜேபியை அப்படியே வைத்துக்கொண்டோம். மென்பொருள் கொடுத்தவர்கள் அதை வைத்துத்தான் சோதித்திருந்தார்கள்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

பிரவுசரில் எப்போதும் ஒரே பக்கம்தான்: 503, சேவை கிடைக்கவில்லை. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பார்க்க வேண்டியது அப்பாச்சியின் எர்ரர் லாக், அதாவது பிழைப் பதிவேடு. அதில் ஏஎச்00957 என்ற குறியோடு, இந்த முகவரிக்கு இணைக்கப் பார்த்தேன், முடியவில்லை என்று ஒரு வரி இருக்கும். நிறையப் பேர் அந்தக் குறியை எடுத்துக்கொண்டு இணையத்தில் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். இணைப்பு எந்தக் காரணத்தால் தோற்றாலும் அந்தக் குறி அதேதான். காரணம் அதற்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சின்ன எண்ணில் இருக்கிறது. அது அப்பாச்சி போட்ட எண் இல்லை, லினக்ஸின் மையமான கர்னல் கொடுத்த எண். வேண்டுகோள் எவ்வளவு தூரம் போய் நின்றது என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும்.

எனக்கு முதலில் வந்தது 13. அனுமதி மறுப்பு. இந்த எண் வந்தால் வேண்டுகோள் வெப் சர்வர் மெஷினை விட்டு வெளியே போகவே இல்லை என்று பொருள். நெட்வொர்க் கேபிளையோ ஃபயர்வாலையோ பார்ப்பது வீண். ராக்கி லினக்ஸில் எஸ்இலினக்ஸ் காவல் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். வெப் சர்வர் புரோகிராம் தானாக வெளியே இணைப்பு போடக் கூடாது என்பது அதன் இயல்பான விதி. யாராவது வெப் சர்வரை உடைத்து உள்ளே வந்தாலும் அங்கிருந்து மற்ற மெஷின்களுக்குத் தாவக் கூடாது என்பதற்காக வைத்தது. நல்ல விதிதான்.

இதில் ஆளை ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. அதே மெஷினில் நாமே உட்கார்ந்து கையால் 8009-ஐத் தொட்டுப் பார்த்தால் திறக்கும். அப்பாச்சியின் பயனர் பெயருக்கு மாறிக்கொண்டு பார்த்தாலும் திறக்கும். எஸ்இலினக்ஸ் பார்ப்பது பயனர் பெயரை அல்ல, எந்த சர்வீஸாகக் கிளம்பி ஓடுகிறது என்பதை. அதனால் கையால் செய்யும் சோதனையை நம்பி, இங்கே எல்லாம் சரி என்று எழுந்துவிடக் கூடாது. ஆடிட் லாக்கைத் திறந்தால் நேம் கனெக்ட் மறுக்கப்பட்டது என்று அப்பாச்சியின் பெயரும் 8009 என்ற எண்ணும் சேர்ந்தே இருக்கும். அதுதான் சாட்சி.

இணையத்தில் பலரும் சொல்லும் வைத்தியம் எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைப்பது. வெளிப்பக்கம் பார்த்து நிற்கும் மெஷினில் அதைச் செய்யாதீர்கள். வெப் சர்வர் நெட்வொர்க்கில் இணைப்பு போடலாம் என்று ஒரே ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை மட்டும் செட்செபூல் கட்டளையால் திறந்தால் போதும். கூடவே நிரந்தரமாக்கும் பெரிய பி என்ற தேர்வையும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மெஷின் ஒருமுறை அணைந்து எழுந்ததும் பழையபடி ஆகிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாளில் யுபிஎஸ்ஸும் தீர்ந்து மெஷின் அணைந்து எழுந்தால், யாரும் எதையும் தொடாமலேயே பழுது திரும்பி வந்து நிற்கும்.

அடுத்து வந்தது 110. நேரம் முடிந்தது. வேண்டுகோள் மெஷினை விட்டுக் கிளம்பிவிட்டது, எதிர்முனையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நடுவில் யாரோ சத்தமில்லாமல் கீழே போடுகிறார்கள் என்று பொருள். எங்கள் விஷயத்தில் ஃபயர்வால் பெட்டியில் விதி இன்னும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். வெப் சர்வரின் ஒரே முகவரியிலிருந்து டாம்கேட்டின் ஒரே முகவரிக்கு, 8009-க்கு மட்டும் என்று இறுக்கமாகப் போட்டோம்.

அப்புறம் 113. அங்கே போக வழி இல்லை. இந்த வாசகத்தைப் பார்த்தால் ரவுட்டிங் கோளாறு என்றுதான் தோன்றும். ஆனால் பிங் போகிறது, வழி நன்றாகவே இருக்கிறது. டாம்கேட் மெஷினுக்குள்ளேயே இருக்கும் ஃபயர்வால்டி என்ற மென்பொருள் ஃபயர்வால், இந்தப் போர்ட்டுக்கு அனுமதி இல்லை என்று மறுத்துப் பதில் அனுப்புகிறது. லினக்ஸ் அந்தப் பதிலை இந்த வாசகமாக மொழிபெயர்த்துக் காட்டுகிறது. ஆக, 110 என்றால் பதிலே இல்லை, 113 என்றால் மறுத்துப் பதில் வந்திருக்கிறது. பதில் வந்ததே நல்ல செய்தி, எதிர் மெஷின் வரைக்கும் போயிருக்கிறோம்.

கடைசியாக 111. இணைப்பு மறுக்கப்பட்டது. மெஷினுக்குள் போயாயிற்று, கதவைத் தட்டியாயிற்று, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. டாம்கேட் மெஷினில் எஸ்எஸ் கட்டளையைக் கொடுத்து, கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டுகளைப் பார்த்தேன். 8009 இருக்கிறது. ஆனால் அதன் முகவரி இரட்டைப் புள்ளி இரண்டும் ஒன்றும் (::1). ஐபி ஆறாம் பதிப்பில் ‘நானே’ என்று பொருள்படும் முகவரி அது. டாம்கேட்டின் அமைப்புக் கோப்பில் கமெண்டுக்குள் கிடக்கும் மாதிரி வரியிலேயே அந்த முகவரிதான் எழுதியிருக்கும். மென்பொருள் கொடுத்தவர்கள் கமெண்டை நீக்கி ரகசியச் சொல்லைச் சேர்த்திருந்தார்கள், முகவரியை மாற்றவில்லை. அதனால் டாம்கேட் தன்னோடு தானே பேசத் தயாராக இருந்தது, வெளியாரோடு இல்லை. டாம்கேட் மெஷினின் உள் நெட்வொர்க் முகவரியை அங்கே எழுதி, சர்வீஸை நிறுத்திக் கிளப்பினேன். எல்லா முகவரியிலும் கேள் என்று நான்கு பூஜ்ஜியம் போடுகிறவர்களும் உண்டு. ஏஜேபிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். தேவையான ஒரே முகவரி போதும்.

இந்தக் கட்டத்தில் பலர் குழம்புகிற இடம் ஒன்று. பழுதைச் சரிசெய்துவிட்டு உடனே பிரவுசரைப் புதுப்பித்தால் திரும்பவும் 503 வரும். சரி, இது காரணம் இல்லை போலிருக்கிறது என்று செய்ததைத் திருப்பி மாற்றிவிடுவார்கள். அப்பாச்சி ஒருமுறை எதிர்முனை கிடைக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டால், அடுத்த 60 வினாடிக்கு அந்தப் பக்கம் முயற்சியே செய்யாது. இயல்பான அளவு அது. லாக்கில் அப்போது எண் எதுவும் இருக்காது, இணைப்பு முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று மட்டும் இருக்கும். சோதனை செய்யும் நேரத்தில் மட்டும் ரீட்ரை என்பதைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஐந்து பைட்

இப்போது எண் எதுவும் இல்லை, 8009 கேட்கிறது. ஆனால் கேட்பது உண்மையிலேயே ஏஜேபிதானா? பிரவுசரில் 8009-ஐத் திறந்து பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏஜேபி எழுத்து நெறிமுறை இல்லை, பைனரி. பிரவுசரோ கர்ல் கட்டளையோ பேசினால் அதற்குப் புரியாது.

ஆனால் ஏஜேபியில் சிபிங் என்று ஒரு நலம் விசாரிப்பு உண்டு, அதைக் கையாலேயே அனுப்பலாம். மொத்தம் ஐந்து பைட். ஹெக்ஸில் 12, 34, அடுத்து நீளத்தைச் சொல்லும் 00, 01, கடைசி பைட் பத்து என்ற எண். இந்த ஐந்தையும் என்சி கட்டளை வழியே 8009-க்குத் தள்ளினால், எதிரில் இருப்பது நல்ல நிலையில் உள்ள ஏஜேபி என்றால் ஐந்து பைட் திரும்பி வரும்: ஆங்கில முதல் இரண்டு எழுத்துகள், 00, 01, கடைசியில் ஒன்பது. இதுதான் சிபாங். பத்துக்கு ஒன்பது வந்துவிட்டால் ஃபயர்வால், போர்ட், நெறிமுறை மூன்றும் ஒரே அடியில் தேறிவிட்டன. எந்தக் கருவியும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை. இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். எதற்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி வெப் சர்வர் மெஷினிலேயே வைத்திருக்கிறேன்.

சிபிங்குக்கு ரகசியச் சொல் கேட்க மாட்டார்கள். அது ஒரு வசதி. சிபாங் வருகிறது, ஆனால் பக்கத்தைக் கேட்டால் 403 வருகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரகசியச் சொல்லைத்தான். நான் வேண்டுமென்றே அப்பாச்சியில் சொல்லைக் கொடுக்காமல் ஒருமுறை முயன்று, 403 வருவதைப் பார்த்துக்கொண்டேன். பூட்டு பூட்டுகிறதா என்று தெரிய வேண்டுமே. அப்பாச்சியின் எர்ரர் லாக்கில் மறுப்பு பற்றி எதுவும் இல்லை, ஆகவே மறுத்தது டாம்கேட்டேதான். அப்புறம் அப்பாச்சியின் அமைப்பில் வேண்டுகோளை டாம்கேட்டுக்குத் தள்ளச் சொல்லும் ப்ராக்சி வரியில், சீக்ரெட் என்ற பெயரில் அந்தச் சொல்லைச் சேர்த்தேன், லாகின் பக்கம் வந்தது. இந்த சீக்ரெட் அப்பாச்சி 2.4.42-இலிருந்துதான் ப்ராக்சி ஏஜேபி மாட்யூலில் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் முதலில் அதை மேம்படுத்த வேண்டியிருக்கும்.

ரகசியச் சொல் என்றதும் ஏதோ மறைத்து அனுப்புகிறது என்று நினைக்க வேண்டாம். ஏஜேபியில் எல்லாமே மறைப்பு இல்லாமல் போகும், அந்தச் சொல் உட்பட. நடுவில் ஒட்டுக் கேட்பவருக்குத் தெரியும். அதனால்தான் ஃபயர்வால் விதி அவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

மத்தியானத்துக்குப் பிறகு

எல்லாம் ஓடியது. டிசி போனது, ரிப்போர்ட் வந்தது. அப்புறம் பேக்கிங் பிரிவு அக்கா கூப்பிட்டார்கள்.

“ஏனுங் தம்பி, சாப்பிட்டு வந்து மொத டிசி போட்டா சுத்திக்கிட்டே கெடக்குதுங். அப்புறம் என்னமோ வந்து நின்னுக்குது. மறுபடி அமுத்துனா ஒடனே வந்துருது.”

“தினமும் அப்படித்தானுங்களா அக்கா?”

“தினமுந்தாங். காலைல வந்து மொத தடவ போட்டாலும் அப்படித்தான். நடுவுல டீ குடிச்சுட்டு வந்தா ஒண்ணும் ஆகறதில்லீங்.”

இந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு பெரிய தகவல் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. காலையில் முதல் தடவை, சாப்பாட்டுக்குப் பின் முதல் தடவை. டீ இடைவேளைக்குப் பின் இல்லை. டீக்குப் போனால் கால் மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். அப்படியானால் கால் மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் எங்கோ ஒரு கடிகாரம் முடிகிறது. நிட்டிங்கில் ஊசி ஒன்று உடைந்தால் துணி நெடுக ஒரே இடத்தில் கோடு ஓடும், கோட்டைப் பார்த்தே எந்த ஊசி என்று ஃபிட்டர் சொல்லிவிடுவார். நேரத்தில் இப்படிக் கோடு விழுந்தால் தேட வேண்டியது நிரலில் இல்லை, டைமர்களில்.

மென்பொருள்காரர்களிடம் கேட்டபோது டேட்டாபேஸ் மெதுவாக இருக்கும், அப்பாச்சியில் டைம்அவுட்டை 300 வினாடியாக்குங்கள் என்றார்கள். இந்த யோசனை எங்கே போனாலும் கிடைக்கும். பதிலே வராத இடத்தில் டைம்அவுட்டைக் கூட்டினால், ஒரு நிமிடம் காத்திருந்தவர்கள் ஐந்து நிமிடம் காத்திருப்பார்கள். வேறெதுவும் மாறாது. டேட்டாபேஸ் மெதுவாக இருந்தால் கோரிக்கை டாம்கேட்டுக்கு வந்திருக்க வேண்டும், இல்லையா? வந்த வேண்டுகோள்களை எழுதி வைக்கும் டாம்கேட்டின் ஆக்சஸ் லாக்கில் அந்த நிமிடத்தில் அப்படி ஒரு கோரிக்கையே இல்லை. இன்னொரு சாட்சியும் இருந்தது. அக்கா இரண்டு முறை அழுத்தியும் டிசி எண் ஒன்றுதான் ஏறியிருந்தது. முதல் அழுத்தல் ஆப் சர்வரைத் தொடவே இல்லை.

அப்பாச்சியின் லாக்கில் இந்த முறை வேறு எண்: 70007, குறித்த நேரம் முடிந்தது. இது கர்னலின் எண் இல்லை, அப்பாச்சி தன் அடித்தள நூலகத்தில் வைத்திருக்கும் எண். இணைப்பு போட முடியவில்லை என்று இது சொல்லவில்லை. இணைப்பு இருக்கிறது, அதில் கேள்வியை அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை என்கிறது. ஆக்சஸ் லாக்கில் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதச் சொன்னேன். தோற்றவை எல்லாம் 60 வினாடிக்கு ஒரு முடி மேலே. அப்பாச்சியின் இயல்பான டைம்அவுட் அதே 60. உண்மையிலேயே மெதுவான வேலை என்றால் ஒன்று 40, ஒன்று 75 என்று சிதறியிருக்கும். ஒரே முழு எண்ணில் வந்து நின்றால், காத்திருந்து கைவிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இங்கே அப்பாச்சி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் டாம்கேட்டுக்குப் புது இணைப்பு போடாது. ஒருமுறை போட்டதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி பயன்படுத்தும். அப்பாச்சியின் ஒவ்வொரு பிராசஸும் தனக்கென்று ஒரு தொகுப்பு வைத்திருக்கும். மறுபடி எடுக்கும் முன், எதிர்முனை மூடிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கும். மூடியிருந்தால் புதுசு போடும். ஆனால் எதிர்முனை மூடாமல், நடுவில் இருக்கிறவர் மட்டும் மறந்துவிட்டால்? இரண்டு முனைக்கும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே தெரியும்.

இதைச் சரிபார்க்க, சாப்பாட்டு நேரம் முடியும் தறுவாயில் இரண்டு மெஷினிலும் இணைப்புகளை எண்ணிப் பார்த்தேன். வெப் சர்வர் பக்கம் 8009-க்கு நிறுவப்பட்ட இணைப்புகள் கொஞ்சம். டாம்கேட் பக்கம் அதைப்போலப் பல மடங்கு. ஒரு இணைப்புக்கு இரண்டு முனை, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இருந்தாக வேண்டும். இல்லை என்றால் டாம்கேட் பக்கம் மீதி இருப்பவை எல்லாம் பேய் இணைப்புகள். வெப் சர்வர் கைவிட்டு மூடியபோது அனுப்பிய செய்தி டாம்கேட்டுக்கு வந்து சேரவில்லை. ஏஜேபி கனெக்டரில் கனெக்‌ஷன் டைம்அவுட்டின் இயல்பு அளவு கழித்தல் ஒன்று, அதாவது எல்லையே இல்லை. ஆகவே டாம்கேட் அவற்றை மூடாமல் காலங்காலமாகக் காத்துக்கொண்டிருக்கும். எனக்கு இந்த முழு வேலையிலும் உறுதியான சாட்சி இந்த எண்ணிக்கை வித்தியாசம்தான்.

மிச்ச சந்தேகத்தையும் தீர்க்க, போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை இரண்டு மெஷினிலும் ஓடவிட்டேன். அக்கா சாப்பிட்டு வந்து பட்டனை அழுத்தியதும் வெப் சர்வரிலிருந்து பாக்கெட் கிளம்பியது. பதில் இல்லை. அதே பாக்கெட் திரும்பவும், இடைவெளி இரட்டிப்பாகி இரட்டிப்பாகித் திரும்பத் திரும்பக் கிளம்பியது. டாம்கேட் மெஷினில் அந்த நேரம் ஒரு வரி கூட இல்லை. இரண்டு மெஷினுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பெட்டி.

ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்ளும் தம்பி முதலில், “அண்ணா, எதுவும் தடுத்ததா லாக்ல இல்லீங்க” என்றார். அவர் சொன்னது சரி. விதி தடுத்தால்தான் அந்த லாக்கில் வரும். இது தடுப்பு இல்லை, மறதி. நடக்கிற ஒவ்வொரு இணைப்பையும் ஃபயர்வால் ஒரு அட்டவணையில் குறித்து வைத்திருக்கும். அதில் கொஞ்ச நேரம் எதுவும் போகாவிட்டால் குறிப்பை அழித்துவிடும், இரண்டு முனைக்கும் சொல்லாது. பிறகு அந்தப் பழைய இணைப்பில் ஏதாவது வந்தால், யார் இது என்று கீழே போட்டுவிடும். “சும்மா கெடக்கற செஷனுக்கு எவ்வளவு நேரம் வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். பார்த்துச் சொன்னார்: 30 நிமிடம். டீக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே.

சரிசெய்தது

ஃபயர்வாலில் நேரத்தைக் கூட்டிவிடலாமே என்று தம்பி கேட்டார். 8 மணி நேரமாக்கினாலும் ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலை இதேதான் நடக்கும். தவிர, நாளை வேறு பெட்டி வாங்கினால் இந்த விஷயம் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் ஃபயர்வாலைத் தொடாமல் இரண்டு முனைகளிலும் சரிசெய்தோம்.

அப்பாச்சியில் கீப்அலைவ் என்று ஒரு தேர்வு இருக்கிறது, நடுவில் ஃபயர்வால் இருந்தால் இதைப் போடுங்கள் என்று அதன் கையேடே சொல்கிறது. சும்மா இருக்கும் இணைப்பிலும் லினக்ஸ் அவ்வப்போது ஒரு தட்டுத் தட்டும். ஆனால் லினக்ஸில் முதல் தட்டுக்கான இயல்பு நேரம் 7200 வினாடி, இரண்டு மணி நேரம். ஃபயர்வால் அரை மணியில் மறந்துவிடும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை தட்டி என்ன பயன்? லினக்ஸ் பக்கத்து நேரத்தையும் சேர்த்துக் குறைத்தால்தான் இது வேலை செய்யும். அந்த மாற்றம் மெஷின் முழுவதையும் பாதிக்கும் என்பதால் இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டது மூன்று. அப்பாச்சியின் ப்ராக்சி வரியில் டிடிஎல் 600 வினாடி. பத்து நிமிடம் சும்மா கிடந்த இணைப்பை அப்பாச்சி மறுபடி எடுக்காது, பின்னர் மூடிவிடும். டாம்கேட்டின் ஏஜேபி கனெக்டரில் கீப்அலைவ் டைம்அவுட் 900000. அது மில்லிவினாடி, 15 நிமிடம். அப்பாச்சி வினாடியிலும் டாம்கேட் மில்லிவினாடியிலும் எண்ணுவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 900 என்று எழுதினால் ஒரு வினாடி கூட ஆகாது. வரிசை முக்கியம்: முதலில் வெப் சர்வர் 10 நிமிடத்தில், அடுத்து டாம்கேட் 15-இல், ஃபயர்வால் 30-இல். டாம்கேட் முதலில் மூடும்படி வைத்தால், அது மூடுகிற அதே நொடியில் அப்பாச்சி ஒரு வேண்டுகோளை அனுப்பி, எப்போதாவது ஒன்று தோற்கும். அந்தப் பழுதைப் பிடிப்பது இதைவிடக் கடினம்.

மூன்றாவது, ப்ராக்சி வரியில் பிங் 5 வினாடி. வேண்டுகோளை அனுப்பும் முன் மேலே சொன்ன அதே சிபிங்கை அப்பாச்சி தானாகவே அனுப்பும். ஐந்து வினாடிக்குள் சிபாங் வராவிட்டால் அந்த இணைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போட்டு முயலும். பயனருக்குத் தெரிவது அதிகபட்சம் அந்த ஐந்து வினாடித் தாமதம்தான். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு சின்னப் போக்குவரத்து கூடுகிறது என்பது உண்மை. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் இரண்டு மெஷினுக்கு அது கணக்கிலேயே வராது.

சோதிக்க அரை மணி அரை மணியாகக் காத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனி விடுமுறையான ஞாயிறன்று, இந்த ஒரு விதிக்கு மட்டும் ஃபயர்வால் நேரத்தை 2 நிமிடமாகக் குறைக்கச் சொன்னேன். பழைய அமைப்பைப் போட்டு, பழுதை வேண்டும்போது வரவழைத்துப் பார்த்தேன். பிறகு பிங்கை மட்டும் சேர்த்தேன்: தாமதம் வந்தது, பிழை வரவில்லை. பிறகு டிடிஎல், டாம்கேட் நேரம் இரண்டையும் அதே விகிதத்தில் சிறிதாக்கிப் போட்டதும் தாமதமும் போனது. ஒவ்வொன்றாகப் போட்டதால் எது எதைச் சரிசெய்கிறது என்று தெரிந்தது. அதன்பின் எல்லா எண்களையும் உண்மையான அளவுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

திங்கள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் இரண்டு மெஷினிலும் 8009 இணைப்புகளை எண்ணினேன். இரண்டிலும் பூஜ்ஜியம். இரவு முழுக்கச் சும்மா கிடந்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். வேலை நேரத்தில் எண்ணினாலும் இரண்டு பக்கமும் ஒத்துப் போகிறது. இந்த எண்ணிக்கையை இரண்டு மெஷினிலிருந்தும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து ஒரு கோப்பில் எழுத வைத்திருக்கிறேன். வித்தியாசம் வந்து, வந்தபடியே நின்றால் அக்கா கூப்பிடும் முன் எனக்குத் தெரிந்துவிடும்.

பாக்கி ஒன்று இருக்கிறது. ஏஜேபியை விட்டுவிட்டு இரண்டுக்கும் நடுவே சாதாரண எச்டிடிபி, மறைப்போடு, 8443-க்கு மாற வேண்டும் என்பது என் எண்ணம். கர்லால் சோதிக்கலாம், லாக்குகளைப் படிப்பது எளிது, ரகசியச் சொல் திறந்தபடி போகாது. மாறும்போது வேறொரு விஷயம் உடையும். பயனர் எச்டிடிபிஎஸ்ஸில் வந்தார், அவருடைய உண்மையான முகவரி இது என்பதையெல்லாம் ஏஜேபி தன் நெறிமுறைக்குள்ளேயே கொண்டு போய்விடும். எச்டிடிபியில் அது போகாது. டிசி போட்டவர் எந்த முகவரியிலிருந்து வந்தார் என்ற பதிவில் எல்லோருக்கும் வெப் சர்வரின் முகவரியே விழும். அதைத் தவிர்க்க, அந்த விவரங்களைச் சுமக்கும் எக்ஸ் ஃபார்வர்டட் தலைப்புகளை அப்பாச்சி அனுப்ப வேண்டும், டாம்கேட்டில் அவற்றைப் படிக்கும் ரிமோட் ஐபி வால்வைப் போட்டு வெப் சர்வரின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் அவற்றை நம்பச் சொல்ல வேண்டும், பயனர் கேட்ட தளப் பெயரை மாற்றாமல் கடத்தும் ப்ராக்சி ப்ரிசர்வ் ஹோஸ்டும் இயங்க வேண்டும். இந்த வரிகளைச் சோதனை மெஷினில் இப்போதே எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்குக் கம்பெனி பூட்டி எல்லோரும் ஊருக்குப் போனதும் உண்மையான மெஷினில் மாற்றுவதாகத் திட்டம்.